ருசி இருந்தது, ஆசை இல்லை

சுகமாகி வந்த பிறகு இரண்டு வகையான ஆட்கள் என்னைத் தேடி வருகிறார்கள். பைத்தியம் தெளிந்தவன் எப்படி இருப்பான் என்று பார்த்துப் போக வருகிறவர்கள் ஒரு வகை. அவர்களுக்கு ஒரு தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிடுவேன். மற்ற வகை, கதவைத் திரும்பிப் பார்த்துவிட்டு, "எங்கட வீட்டிலயும் ஒராள் ஈக்கிறார்" என்று குரலைத் தாழ்த்துகிறவர்கள். இதை அவர்களுக்காக எழுதுகிறேன். முதல் வகையும் வாசிக்கும் என்று எனக்குத் தெரியும். வாசிக்கட்டும்.

நான் மாத்தளையில் பஸ் டிக்கட் பரிசோதகன். சந்தேகப்படுவதற்கே சம்பளம் வாங்குகிறவன். கண்டி வீதியிலோ தம்புள்ளை வீதியிலோ ஒரு வளைவில் நின்று கையைக் காட்டி பஸ்ஸை மறிப்பேன். மடியில் கனமிருந்தால் வழியில் பயம் என்பார்கள். என் தொழிலில் அது தலைகீழ். கையில் டிக்கட் துண்டு இல்லாதவனுக்குத்தான் பயம். அவன் என் முகத்தைப் பார்க்கவே மாட்டான், இல்லையென்றால் முதல் ஆளாகச் சலாம் சொல்வான். பதினொரு வருடம் இப்படி முகம் பார்த்தவனுக்கு நோய் வந்தபோது, அது நோய் என்று யாருக்கும் படவில்லை. வேலை முற்றிவிட்டது என்றுதான் நினைத்தார்கள்.

முதலில் தேத்தண்ணியில் தொடங்கியது. ஒரு நாள் காலையில் என் மனைவி ஹாஜரா கொண்டுவந்து வைத்த கோப்பையின் விளிம்பில் ஒரு நிறம் தெரிந்தது. அது எனக்காகவே அங்கே இருந்தது. இதை எப்படிச் சொல்வது? நீங்கள் ஒரு கோப்பையைப் பார்த்தால் அது கோப்பை. எனக்கோ அந்த நாட்களில் கண்ட கண்ட பொருள் எல்லாம் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது. சம்பலில் மிளகாய் விதை கிடந்த விதம், மூடி கொஞ்சம் திறந்திருந்த சட்டி, அவள் அகப்பையைக் கழுவிய நேரம் எல்லாவற்றுக்கும் ஓர் அர்த்தம் இருந்தது. அந்த அர்த்தம் நஞ்சு.

அவித்த முட்டையைத்தான் நம்பினேன், ஓட்டோடு இருப்பதால். வாழைப்பழத்தை நானே வாங்கி நானே உரித்தேன். சோற்றில் முதல் பிடியை முற்றத்துப் பூனைக்கு வைத்துவிட்டுக் கால்மணி நேரம் பார்த்திருப்பேன். பூனை கொழுத்தது, நான் எலும்பானேன். என் தட்டை அவளிடம் தள்ளி அவள் தட்டை நான் எடுத்துக்கொள்வேன். ஒன்றும் பேசாமல் அவள் என் தட்டில் சாப்பிடுவாள். பேசாமல் சாப்பிடுகிறாளே என்று அதிலும் சந்தேகம் வந்தது.

செய்வினை என்று முடிவு செய்து, ஓதிப் பார்க்கிற லெப்பையைக் கூட்டி வந்தார்கள். எங்கள் ஆட்களுக்குத் தெரிந்த வைத்தியம்தான்: வெள்ளைப் பீங்கான் தட்டில் குங்குமப்பூ மையால் ஓதி எழுதி, அதைத் தண்ணீரில் கழுவி, அந்த மஞ்சள் தண்ணீரை நோயாளிக்குக் குடிக்கக் கொடுப்பார்கள். நஞ்சு வைக்கிறார்கள் என்று நடுங்கிக்கொண்டிருப்பவன் முன்னால் நான்கு பேர் நின்று, நிறம் மாறிய தண்ணீரை நீட்டி, "குடிங்க, குடிங்க" என்றால் அவன் என்ன செய்வான்? பீங்கானைப் பறித்துச் சுவரில் அடித்தேன். லெப்பை திரும்பிப் பார்க்காமல் ஓடினார்.

அதைப் பார்த்துக்கொண்டு நின்றவர்களில் ஒருவர் ஹனீபா மச்சான், ஹாஜராவின் மூத்த சகோதரன், உக்குவளையில் சில்லறைக் கடை வைத்திருக்கிறவர். அவரிடம் போய், "ஒங்கட தங்கச்சி எனக்கு நஞ்சு வெக்கிறா" என்றேன். தெருவுக்கே கேட்கும்படி சொன்னேன்.

மச்சான் சத்தம் போடவில்லை. "மச்சான், ஒங்களுக்குச் சொகமில்ல. வைத்தியம் செய்வம். சொகமான பொறகு இந்தப் பேச்சு இன்னொரு தரம் வந்திச்சோ, நான் தங்கச்சியையும் புள்ளையையும் கூட்டிக்கிட்டுப் போயிருவன். காதியார்ட்ட எழுதியும் குடுப்பன்" என்றார். எங்கள் விவாகங்களை விசாரிக்கும் நீதவான்தான் காதியார். புத்தி குழம்பிக் கிடந்த அந்த நேரத்திலும் அந்த வார்த்தை மட்டும் தெளிவாக உள்ளே இறங்கியது. மகள் நிஸாவுக்கு அப்போது ஆறு வயது.

கொழும்புப் பக்கத்தில் இருந்த பெரிய மனநோய் ஆஸ்பத்திரிக்கு ரயிலில் கொண்டுபோனார்கள். நீளமான வாங்குப் பலகையில் விடிந்ததிலிருந்து மத்தியானம் வரை உட்கார வைத்தார்கள். பக்கத்தில் இருந்தவன் யாரோ ஒருத்தியின் பெயரைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தான். இரத்தம் எடுத்தார்கள், சிறுநீர் கேட்டார்கள், முழங்காலில் தட்டிப் பார்த்தார்கள். இரத்தத்தில் நஞ்சு அகப்படும் என்று காத்திருந்தேன். ஒன்றும் இல்லை என்றார்கள். டாக்டரையும் காசு கொடுத்து வாங்கிவிட்டார்கள் என்று நினைத்தேன். ஊசியை ஏற்ற நான்கு பேர் தேவைப்பட்டார்கள்.

மருந்தின் பெயர் குளோர்புரோமசின். முதலில் ஊசி, பிறகு விழுங்குகிற குளிசை. அதற்கு முன்பெல்லாம் எங்களைப் போன்றவர்களைக் கட்டி வைப்பதும் தலைக்குக் கரண்ட் பிடிப்பதும்தான் என்று பழைய அட்டெண்டன் ஒருவர் சொன்னார். இந்தக் குளிசை வந்த பிறகு வார்டில் சத்தம் குறைந்ததாம். உண்மையாக இருக்கலாம். எனக்கு வாய் காய்ந்தது, கை நடுங்கியது, வெயிலில் நின்றால் தோல் எரிந்தது, உடம்பு மரக்கட்டையாய் விறைத்தது. ஆனால் இருபது நாள் போல் கழிந்து, மூன்றாம் கிழமை ஒரு காலையில் தேத்தண்ணிக் கோப்பையைப் பார்த்தேன். அது என்னைக் கூப்பிடவில்லை. வெறும் கோப்பையாக இருந்தது. அன்று அழுதேன். ஹாஜராவை என்ன பேச்செல்லாம் பேசினேன் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

என் பக்கத்துக் கட்டிலில் எல்கடுவைத் தோட்டத்துக் கருப்பையா இருந்தார். நல்ல மனிதர், பொல்லாத மூளை. "பாய், முழுங்கிட்டேன்னு காட்டுறதுக்கு ஒரு வழி இருக்குங்க" என்றார். "நாக்குக்கு அடியில ஓரமா வச்சுக்கிட்டுத் தண்ணியக் குடிங்க. மருந்து குடுக்குற மிஸ்ஸி வாயத் தெறக்கச் சொன்னா, ஆன்னு காட்டிட்டு நாக்க மட்டும் தூக்காதீங்க."

"நீங்க அப்படியா செய்றீங்க?"

"நானா? நான் முழுங்கிடுவேங்க. எனக்கு என்னையே நம்ப முடியாதே."

இரண்டு கிழமைக்கு ஒரு தரம் ஞாயிற்றுக்கிழமை ஹாஜரா வருவாள். கூட்டி வருகிறவர் ஹனீபா மச்சான்தான். கடையைப் பூட்டிவிட்டு, ரயிலில் வந்து, வார்டு வாசலில் நின்றுகொள்வார். என்னோடு அதிகம் பேசமாட்டார். ஆனால் சாப்பாட்டு அடுக்குப் பெட்டியைத் தூக்கிச் சுமந்து வந்தவர் அவர்தான். ஒரு ஞாயிறு அதில் வட்டிலப்பம் இருந்தது. கித்துள் பனங்கட்டியும் தேங்காய்ப்பாலும் ஏலமும் போட்டு ஹாஜரா அவிக்கும் வட்டிலப்பத்துக்காக முன்பெல்லாம் சோற்றைப் பாதியில் நிறுத்தி வயிற்றில் இடம் வைத்துக்கொள்வேன்.

ஒரு கரண்டி வாயில் வைத்தேன். பனங்கட்டி தெரிந்தது. ஏலம் தெரிந்தது. இரண்டாவது கரண்டியை எடுக்க வேண்டும் என்று தோன்றவில்லை. வெறுப்பும் இல்லை. பஸ் வந்து நின்ற பிறகும் ஏறாமல் நிற்கிற ஆளைப் போல இருந்தேன்.

"எப்படி ஈக்குது?" என்றாள்.

"நல்லம்" என்றேன். என் முகத்தை அவள் பார்த்தாள். முகம் பார்க்கிற தொழிலை என்னிடமிருந்து அவளும் கற்றுக்கொண்டிருந்தாள்.

இதை டாக்டரிடம் சொல்லவே பயந்தேன். சாப்பாடு சரியில்லை என்று நான் சொன்னால் அதை யாராவது சாதாரணப் பேச்சாக எடுப்பார்களா? அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று எழுதி இன்னும் ஆறு மாதம் வைத்துக்கொள்வார்கள். கடைசியில் வேறு வழியில்லாமல் சொன்னேன். அவர் சிங்களவர், இளம் வயது. சிரிக்காமல், நாலு காகிதத் துண்டில் சீனி, உப்பு, புளி, கசப்புக்குக் கொயினா தூள் என்று கொண்டுவரச் செய்தார். கண்ணை மூடச் சொல்லி ஒவ்வொன்றாக நாக்கில் வைத்தார். நான்கையும் சரியாகச் சொன்னேன்.

"ஒன் நாக்கு நல்லாத்தான் வேலை செய்யுது" என்று சிங்களத்தில் சொன்னார். "இப்ப சொல்லு, நாலில எது ஒனக்குப் பிடிச்சது?"

யோசித்தேன். சீனி என்று சொல்ல வேண்டும் என்று தெரிந்தது. சொல்ல வாய் வரவில்லை.

அவர் விளக்கியதை எனக்குப் புரிந்த அளவில் எழுதுகிறேன். ருசியை அறிவது ஒரு வேலை, அதில் மகிழ்ந்து இன்னும் கொண்டா என்று கேட்பது மூளைக்குள் நடக்கிற வேறு வேலை. பஸ்ஸில் மணி அடிக்கிற மாதிரி அங்கே ஒன்று அடிக்கிறது: இது உனக்கு வேண்டியது, இதைப் பார் என்று. என் நோயில் அந்த மணி நிறுத்தாமல் அடித்தது. மிளகாய் விதைக்கும் அடித்தது, சட்டி மூடிக்கும் அடித்தது. குளிசை அந்த மணியை அமர்த்திவிட்டது. நஞ்சுப் பயம் போனது அதனால். வட்டிலப்பத்தின் மேல் ஆசை போனதும் அதனாலேயே. "அப்படித்தான்னு நெனக்கிறோம். எங்களுக்கே இன்னும் முழுசாத் தெரியாது" என்றும் சொன்னார். தெரியாது என்று ஒரு டாக்டர் சொல்லி அன்றுதான் கேட்டேன். அவரை நம்பத் தொடங்கியதும் அன்றுதான்.

"நிறுத்தினா?"

"கொஞ்சக் கிழமையில ஆசை திரும்பும். மத்ததும் திரும்பலாம்."

குளிசைப் போத்தலோடு வீட்டுக்கு வந்தேன். வேலையும் மெல்லக் கிடைத்தது. ஆனால் உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்றால், ஆசையில்லாத மனிதன் எங்கே? சோற்றில் மட்டும் இல்லை. நிஸா பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கி வந்தாள். நல்ல விஷயம் என்று தெரிந்தது, அவ்வளவுதான். டிக்கட் இல்லாதவனைப் பிடித்தால் முன்பு உள்ளே ஒரு துள்ளல் வரும், அதுவும் இல்லை. ஒரு நாள் முடிவெடுத்தேன். கருப்பையா சொன்ன வழிதான். ஹாஜரா தந்த குளிசையை நாக்கின் அடியில் ஒதுக்கி, தண்ணீர் குடித்து, ஆ காட்டி, பிறகு துப்பி எடுத்துத் துடைத்து ஒரு பழைய தைலத் தகரப் பேணியில் போட்டு, என் மழைக்கோட்டின் பைக்குள் ஒளித்தேன். எறிந்துவிடப் பயம். நோய் திரும்பினால் உடனே விழுங்க வேண்டுமே.

இரண்டு கிழமை காத்திருந்தேன். ஒன்றும் இல்லை. நான்கு, ஆறு. நஞ்சுப் பயமும் வரவில்லை, ஆசையும் வரவில்லை. டாக்டர் பொய் சொன்னாரா? அல்லது ஹாஜரா சமைக்க மறந்துவிட்டாளா? இரண்டாவது கேள்வி வந்ததும் எனக்கு வேர்த்தது. பழைய பாதையின் முதல் படி அதுதான்.

அந்த நேரத்தில்தான் என்னோடு வேலை செய்கிற ஒருவரின் மகனுக்குக் கலியாணம் நடந்தது. எங்கள் வலிமா விருந்தில் தனித் தட்டு கிடையாது. சஹன் என்கிற பெரிய வட்டத் தட்டில் நெய்ச்சோற்றைக் குவித்து, நடுவில் இறைச்சி வைத்து, சுற்றி ஆறு பேர் உட்கார்ந்து ஒரே தட்டில் கை வைப்போம். எல்லோரும் உப்பைத் தொட்டு நாக்கில் வைத்து பிஸ்மி சொல்லித் தொடங்கினோம். என் வலப்பக்கத்தில் இருந்தவர் முதல் பிடியிலேயே கண்ணை மூடினார். எதிரில் இருந்த கிழவர் எலும்பை உறிஞ்சிய சத்தம் எனக்குக் கேட்டது. "இந்த நெய்ச்சோத்துக்கு இன்னொரு கலியாணம் முடிக்கலாம்" என்றார் ஒருவர். எல்லோரும் சிரித்தார்கள்.

ஒரே சோறு. ஒரே இறைச்சி. ஒரே நேரம். ஐந்து பேருக்கு மணி அடிக்கிறது, எனக்கு மட்டும் அடிக்கவில்லை. அப்படியென்றால் பிழை சாப்பாட்டில் இல்லை. ஹாஜராவின் சமையலிலும் இல்லை. அந்த நிம்மதியோடு அடுத்த கேள்வியும் வந்துவிட்டது. பிழை என்னில் இருக்கிறது. என்னில் பிழை செய்தது குளிசை. குளிசையை விட்டு ஆறு கிழமை. பிறகு எப்படி?

வீட்டுக்கு வந்ததும் மழைக்கோட்டின் பைக்குள் கை விட்டேன். பேணி இருந்தது. திறந்தேன். இத்தனை நாளும் பைக்குள் தடவிப் போட்டேனே தவிர உள்ளே பார்த்ததில்லை. ஒரு நாளைக்கு இரண்டு என்று எண்பதுக்கு மேல் இருந்திருக்க வேண்டும். நான்கு குளிசைதான் கிடந்தது.

அன்றிரவும் பாகற்காய்க் கறி. நான் ஆஸ்பத்திரியில் இருந்து வந்த நாளிலிருந்து இரத்தத்துக்கு நல்லது என்று எனக்கு மட்டும் ஒரு சின்னக் கிண்ணத்தில் வைப்பாள். நிஸாவுக்கும் தனக்கும் போடமாட்டாள். குளிசையின் கசப்பைக் கறியின் கசப்பில் மறைத்திருக்கிறாள். கெட்டிக்காரி. நான் பிடித்த கள்ளப் பயணிகளில் யாரும் இவ்வளவு நேர்த்தியாகச் செய்ததில்லை.

பாருங்கள், என் நிலைமையை. என் சாப்பாட்டில் என் மனைவி உண்மையாகவே ஒன்று போடுகிறாள். கையில் அத்தாட்சியும் இருக்கிறது. அதைச் சொல்ல எனக்கு ஒரு வாக்கியம்தான் உண்டு, அந்த வாக்கியம்தான் என் நோய். சொன்னால் மச்சான் வருவார், ஹாஜராவும் நிஸாவும் உக்குவளைக்குப் போவார்கள், நான் ரயிலில் ஏற்றப்படுவேன். கோபமும் இருந்தது. ஆறு கிழமை என்னை ஏமாற்றினாளே என்ற கோபம். நானும் அவளை ஆறு கிழமை ஏமாற்றினேன் என்பது அந்த நேரம் நினைவில் இல்லை.

கிண்ணத்தை என் தட்டில் கவிழ்த்துச் சோற்றோடு பிசைந்தேன். தட்டை நடுவில் தள்ளினேன். "வா, இண்டைக்கு ஒண்டாத் திம்பம். சஹன்ல திண்ட மாதிரி" என்றேன்.

அவள் கை அந்தரத்தில் நின்றது. வேண்டாம் என்று சொல்வாள், காரணத்தைச் சொல்வாள், பிறகு பேசலாம் என்று காத்திருந்தேன். அவள் சொல்லவில்லை. உட்கார்ந்து, பிடி பிடியாக எடுத்துச் சாப்பிட்டாள். என்னைவிட வேகமாகச் சாப்பிட்டாள், முக்கால்வாசியை அவளே முடித்தாள். நான் அவள் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தடுக்கவில்லை. நோய் வந்த நாட்களில் நான் செய்தவற்றுக்கு அல்லாஹ்விடம் மன்னிப்புக் கேட்கும்போது நோயைக் காரணம் சொல்லலாம். இதற்கு அப்படிச் சொல்ல முடியாது. இதை நல்ல புத்தியோடுதான் செய்தேன்.

மறுநாள் அவள் விடிகாலைச் சுபஹு தொழுகைக்கு எழும்பவில்லை. நிஸாவுக்கு நானே தேத்தண்ணி ஊற்றி, தலை சீவி, பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோடு பள்ளிக்கு அனுப்பினேன். எட்டு மணி, ஒன்பது மணி. மூச்சு ஒழுங்காக இருந்தது, கூப்பிட்டால் முனகினாள். நான் வேலைக்குப் போகவில்லை. பத்து மணிக்கு ஹனீபா மச்சான் ஒரு பலாக்காயைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

தங்கையைப் பார்த்தார். தோளைப் பிடித்து உலுக்கினார். பிறகு என் பக்கம் திரும்பினார். அந்தப் பார்வை எனக்குப் பழக்கமானது, கண்ணாடியில் பார்த்திருக்கிறேன்.

"என்னத்தக் குடுத்தீங்க?"

"ஒண்டும் குடுக்கல்ல மச்சான்."

"ராத்திரி என்ன திண்டா?"

"நான் திண்டதைத்தான் திண்டா."

"என்ட தங்கச்சிக்கு நஞ்சு வெச்சீங்களா?"

என் வாக்கியத்தை அவர் சொல்லிவிட்டார். அவரை எந்த ஆஸ்பத்திரிக்கும் கொண்டுபோக மாட்டார்கள் என்று நினைத்தபோது எனக்குச் சிரிப்புக் கூட வந்தது. வாயைத் திறந்தால் தப்பலாம்: அவள்தான் போட்டாள், எனக்காகப் போட்டாள். ஆனால் நான் சொன்னால் யார் நம்புவார்? "கார் கொண்டாறன். ஆஸ்பத்திரிக்குக் காட்டிப் போட்டு நேரே உக்குவளைக்குத்தான்" என்று அவர் செருப்பை மாட்டினார்.

"நானா." கட்டிலில் இருந்து அண்ணனைக் கூப்பிடும் ஹாஜராவின் குரல் வந்தது. நாக்கு தடித்திருந்தது. எழும்பப் பார்த்தாள், தலை சுற்றி மறுபடி சாய்ந்தாள். "அவரை ஏசவாணாம். நான்தான் போட்டன். அவர் குளிசையைத் துப்பிக்கிட்டு ஈந்தார். கோட்டுப் பைக்குள்ள கண்டன். சொன்னா, நான் நஞ்சு வெக்கிறன் எண்டு மறுபடியும் சொல்லுவாரோண்டு பயம். அதுதான் கறியில தூளாக்கிப் போட்டன்."

"நீ ஏன் திண்டாய்?"

"வாணாம் எண்டா அவருக்கு வெளங்கீருமே."

மச்சான் சுவர் ஓரமாக உட்கார்ந்தார். அவர் பார்வை என் காலில் இருந்தது, முகத்துக்கு வரவில்லை. நான் குசினிக்குப் போய் ஒரு கோப்பைத் தேத்தண்ணியில் மூன்று கரண்டி சீனி போட்டு வந்து, அவளைத் தாங்கிப் பிடித்துக் குடிக்கக் கொடுத்தேன். காய்ந்த வாயால் இரண்டு மிடறு குடித்தாள். நிறுத்தி யோசித்தாள். இன்னொரு மிடறு குடித்தாள்.

"சீனி போட்டீங்கதானே?"

"மூணு கரண்டி."

"தெரியிது. சீனி நல்லாத் தெரியிது" என்றாள். கோப்பையைத் திருப்பி என் கையில் தந்தாள். "ஆனா வாணாம்போல ஈக்குது." பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, "இப்படியா ஒங்களுக்கு? இவ்வளவு நாளும் இப்படியா?" என்று கேட்டு அழுதாள். மச்சான் எழுந்து முற்றத்துக்குப் போய்விட்டார்.

அடுத்த கிளினிக்குக்கு மூன்று பேரும் போனோம். டாக்டர் எங்கள் இரண்டு பேரையும் ஏசினார், ஏசியது நியாயம். துப்புவதும் ஆபத்து, தெரியாமல் கலப்பது அதைவிட ஆபத்து என்றார். அளவைக் குறைத்து எழுதினார். குறைந்த அளவில் நோய் எட்டிப் பார்த்தால் உடனே வர வேண்டும் என்றார். இப்போது ஆசை திரும்பியிருக்கிறது, முழுதாக இல்லை, அரைவாசி என்று சொல்லலாம். சந்தேகமும் கொஞ்சம் திரும்பியிருக்கிறது. குளிசையை ஹாஜரா என் உள்ளங்கையில் வைக்கிறாள், நான் விழுங்கிவிட்டு நாக்கைத் தூக்கியும் காட்டுகிறேன். அன்று கிளினிக் வாசலில் வைத்து மச்சான் எங்களிடம் ஒரு வாக்கு வாங்கினார், தானும் ஒன்று கொடுத்தார்: சந்தேகம் வந்தால் நான் வாய்விட்டுச் சொல்ல வேண்டும், ஹாஜரா அழக்கூடாது, அவர் கார் பிடிக்கக்கூடாது.

போன கிழமை மத்தியானம் மீன் கறியில் கை வைத்ததும் ஒரு மாதிரியாக இருந்தது. மச்சானும் பக்கத்தில்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். வாக்கு வாக்குத்தானே, சொல்லிவிட்டேன்.

"ஹாஜரா, இதில என்னமோ போட்டீக்கிறாய்."

மச்சானின் கை நின்றது. ஹாஜரா என் தட்டில் இருந்து ஒரு விரலால் குழம்பைத் தொட்டு நாக்கில் வைத்தாள்.

"ஓ, போட்டீக்கிறன்" என்றாள். "உப்பு. ரெண்டு தரம் போட்டுட்டன். வையுங்க, தேங்காய்ப்பால் கொஞ்சம் ஊத்தித் தாறன்."